சாவி வாங்கும் முன் ஒரு முழு நாள்: புதிய அடுக்குமாடி வீட்டைச் சரிபார்ப்பது எப்படி?

"வீடு தயார், நல்ல நாள் பார்த்து வந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பில்டர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததும் நம் வீடுகளில் முதலில் எடுப்பது பஞ்சாங்கத்தை. நாங்களும் அதைத்தான் செய்தோம். சென்னையின் தென்புறநகரில் எங்கள் முதல் வீட்டின் சாவியை வாங்கப் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினோரு பேர் போயிருந்தோம். ராகு காலம் தொடங்குவதற்குள் கையெழுத்து முடிய வேண்டும் என்ற அவசரத்தில், நீட்டிய தாளைப் படிக்காமலே ஒப்பமிட்டேன். குடியேறிய இரண்டாம் மாதம் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. போய்க் கேட்டபோது அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "வீட்டை முழுமையாகப் பார்வையிட்டேன், திருப்தி" என்று அதில் எழுதியிருந்தது.

அதனால் முதல் வீடு வாங்கும் எவரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: சாவி வாங்கும் நாளையும் வீட்டைச் சரிபார்க்கும் நாளையும் பிரித்துவிடுங்கள். சரிபார்க்கும் நாளுக்கு நல்ல நேரம் தேவையில்லை, நல்ல வெளிச்சம் போதும்.

படி 1: தேதியை நீங்கள் கேட்டு வாங்குங்கள்

ஒப்படைப்புக்கு இரண்டு வாரமாவது முன்னதாக, சரிபார்க்க ஒரு நாள் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அன்று வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இரண்டும் இல்லாத வீட்டில் சுவரின் நிறத்தைத்தான் பார்த்துவிட்டு வர முடியும்.

கடைசித் தவணையை அதுவரை கொடுக்க வேண்டாம். வீட்டுக் கடன் என்றால் கடைசித் தவணையை பில்டருக்கு விடுவிக்கச் சொல்லி வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தைக் கொடுக்காமல் கையில் வைத்திருங்கள். அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. குடியேறலாம் என்ற சான்று கிடைத்த இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவருக்கும் கடமை விதித்திருக்கிறது.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்?

அளவு டேப், சிறிய ரசமட்டம், டார்ச், ஒரு வாளி, ஐந்து ரூபாய் நாணயம், இரவு விளக்கு ஒன்று, வண்ண ஒட்டு நாடா. இவற்றோடு கட்டுமான ஒப்பந்தத்தின் நகலும் வரைபடமும். எந்த நிறுவனத்தின் குழாய், எந்த அளவு டைல்ஸ் என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த கொத்தனாரோ சிவில் இன்ஜினியரோ உடன் வந்தால் மிக நல்லது. அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியைச் செலவாக நினைக்காதீர்கள்.

படி 3: முதலில் அளவெடுங்கள்

சட்டப்படி கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர்களுக்கு உட்பட்ட, நாம் புழங்கும் பரப்பு. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் அதில் சேரும்; பால்கனி சேராது. ஒப்பந்தத்தில் 62 சதுர மீட்டர் என்று இருந்தால் 10.764ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 667 சதுர அடி வர வேண்டும். ஒவ்வோர் அறையாக அளந்து கூட்டுங்கள். பூச்சின் தடிப்பால் ஓரிரு அங்குலம் மாறலாம். அறைக்கு அறை அரை அடி குறைந்தால் அன்றே கேட்க வேண்டும்.

படி 4: குளியலறையில் அதிக நேரம் செலவிடுங்கள்

பிறகு சரிசெய்ய மிகக் கடினமான குறைகள் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். எல்லாத் தண்ணீரும் வடிகாலை நோக்கி ஓட வேண்டும். மூலையில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. வாட்டத்தைத் திருத்த டைல்ஸைப் பெயர்த்தாக வேண்டும், குடியேறிய பிறகு அந்த வேலையைச் செய்ய யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது கசிவு. வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். முந்தைய நாளே இதைச் செய்து வைக்கும்படி சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள். நீர் வெகுவாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கீழ் வீட்டுக்குப் போய் அதன் கூரையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே யாரும் குடியேறியிருந்தால் அனுமதி கேட்டுப் போங்கள். குளியலறையை ஒட்டிய அறையின் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். நான் பார்க்கத் தவறிய இடம் அதுதான்.

ஷவரையும் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுத் தண்ணீரின் வேகத்தைக் கவனியுங்கள். கழிப்பறைத் தொட்டியை நிரப்பி மூன்று முறை ஃபிளஷ் செய்யுங்கள்.

படி 5: தரை, சுவர், கதவு

நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை கனமாக வரும். வெற்றிடம் இருந்தால் குடத்தைத் தட்டியது போல் ஒலிக்கும். அப்படி ஒலிப்பவற்றில் ஒட்டு நாடா ஒட்டுங்கள். கனமான பீரோவை வைத்ததும் முதலில் உடைவது அவைதான்.

பூச்சில் மயிரிழை விரிசல் இருப்பது பெரும்பாலும் காய்ந்ததால் வந்தது. பட்டி பார்த்தால் போய்விடும். தூணிலோ உத்திரத்திலோ விரிசல் தெரிந்தால், அல்லது சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு இருந்தால், இன்ஜினியரின் வாய்ச் சமாதானம் போதாது. எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கதவுகளையும் சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒப்படைப்பு வந்தால் அதை அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய் சன்னல் ஓரங்களையும் பால்கனியையும் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

படி 6: மின்சாரம்

இரவு விளக்கை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதுங்கள், ஏனென்றால் குழந்தையின் விரல் பிளக்கில் பட்டால் காப்பாற்ற இருப்பது அந்தக் கருவிதான். ஏசி, கீசர், வாஷிங் மெஷின் இணைப்புகள் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

படி 7: கீழே இறங்குங்கள்

உங்கள் கார் நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று கேளுங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் எங்கள் பக்கம் எத்தனை தரைத்தள வாகனங்கள் மூழ்கின என்று பார்த்தவர்கள் நாங்கள். அந்த வெள்ளம் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் சுவரில் கைவைத்தே காட்டுவார். நிறைவுச் சான்றிதழின் நகலையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

படி 8: குறைப் பட்டியல்

அறைவாரியாக, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புகைப்படத்துடன் எழுதுங்கள். இரண்டு பிரதிகளிலும் சைட் இன்ஜினியர் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். அன்றிரவே அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். இரண்டாம் முறை போகும்போது கையில் அந்தப் பட்டியல் மட்டும் போதும். எதுவும் பாக்கி இருந்தால் ஒப்படைப்புக் கடிதத்தில் "இணைப்பிலுள்ள குறைகள் நீங்கலாக" என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கண்ணில் படாமல் தப்பிய குறைக்கும் வழி உண்டு. வீட்டைப் பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 14(3) பிரிவு. செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அந்தத் "திருப்தி" வரியைக் காட்டியதும் பேசாமல் திரும்பி வந்த எனக்கு அன்று இது தெரியாது.

சாவி கைக்கு வரும் நாளில் எத்தனை சாவி என்று எண்ணி வாங்குங்கள், மின் மீட்டரின் அளவைப் படமெடுங்கள், முன்கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள். பால் காய்ச்சப் பஞ்சாங்கத்தை இனி எடுக்கலாம்.