ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு உள்ள செவிலியர் இன்டெம்னிட்டி பாலிசி எடுப்பது எப்படி?

சென்னையில் பணிபுரியும் செவிலியர்கள் பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் செவிலியராகவும் மகப்பேறு செவிலியராகவும் சேர்த்துப் பதிந்தவர்கள் ஒருபுறம், டி.பார்ம். படித்து மருந்தாளுநராகவும் பதிந்தவர்கள், பிரிட்டன் அல்லது வளைகுடா நாட்டு உரிமமும் வைத்திருப்பவர்கள் இன்னொருபுறம். இவர்கள் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, அதாவது இன்டெம்னிட்டி பாலிசி, எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பாலிசியின் ஷெட்யூலில், அதாவது உங்கள் பெயர், தொழில், தொகை முதலிய விவரங்கள் அச்சான பக்கத்தில், எந்தத் தொழில் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தத் தொழிலைச் செய்கையில் நேர்ந்த பிழைக்குத்தான் காப்பு கிடைக்கும்.

மருத்துவமனையே பாலிசி வைத்திருக்கும்போது தனக்கென ஒன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவமனையின் பாலிசி அங்கே செய்த வேலைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். டியூட்டி முடிந்த பிறகு ஹோம் கேர் நிறுவனம் வழியாகவோ தனியாகவோ ஒரு வீட்டுக்குச் சென்று செய்யும் டிரெஸ்ஸிங்கும் போடும் ஊசியும் அதற்குள் வருவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அந்த மருத்துவர் வரையறைக்குள் செவிலியர் வரமாட்டார். சிறையையும் அபராதத்தையும் எந்தப் பாலிசியும் ஏற்காது என்றாலும், குற்ற வழக்கில் வக்கீல் செலவைத் தருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

படிவத்தை நிரப்புவதற்கு முன், சான்றிதழ்களை அடுக்குவதைவிட, ஒரு வாரத்தில் உண்மையில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வேளச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பகலில் வார்டு பணி. மாலையில் பிரசவமாகி வீடு திரும்பிய தாய்மார்களின் வீட்டுக்குச் சென்று தையலைப் பார்ப்பது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை தெரிகிறதா என்று கவனிப்பது என்று ஒருவர் நாள் போகிறது என வைத்துக்கொள்வோம். படிவத்தில் "தொழில்" என்ற கட்டத்தில் அவர் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் எழுதினால், மாலை வேலையில் எழும் வழக்கை மறுக்க நிறுவனத்துக்கு அந்த இரண்டு சொற்களே போதும். ஒவ்வொரு பதிவின் பெயர், எண், காலாவதித் தேதி, அதன்கீழ் செய்யும் வேலை, செய்யும் இடம் ஆகிய அனைத்தையும் தனித்தாளில் எழுதிப் படிவத்துடன் இணைக்க வேண்டும். "இணைப்பைப் பார்க்கவும்" என்று கட்டத்திலும் குறிப்பிட வேண்டும். தாய்ப்பால் ஆலோசகர் போன்ற சான்றிதழ் சட்டப்பூர்வப் பதிவு ஆகாது. ஆனாலும் அந்த வேலைக்குக் கட்டணம் வாங்கினால் அதையும் தெரிவிப்பதே நல்லது.

பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் இவ்வளவு முயற்சியும் வீண். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், ஊசி மருந்து மாறியதால் ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதியாதவர், ஆகவே தனக்குப் பொறுப்பில்லை என்று அங்கே காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்த அந்த வழக்கை ஒவ்வொரு செவிலியரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

இரண்டு பதிவுக்கு இரண்டு பாலிசியா, ஒன்றா? ஒரே நிறுவனத்தில் ஒரே பாலிசியாக எடுப்பதே என் பரிந்துரை. பிரசவத்துக்குப் பின் போட்ட ஊசி செவிலியர் வேலையா, மகப்பேறு வேலையா என்று இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் நிலை வரக்கூடாது. ஆனால் ஒரே பாலிசி என்றால் உச்சவரம்பும் இரு தொழில்களுக்கும் பொது. ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் பாருங்கள். வக்கீல் செலவு அந்தத் தொகைக்குள்ளிருந்தே கழியுமா என்றும் விசாரியுங்கள்.

பலரும் தடுக்கிவிழும் இடம் தேதி. இந்த வகைப் பாலிசிகள் பொதுவாக, இழப்பீடு கோரப்படும் நாளில் நடப்பில் இருந்தால்தான் பணம் தரும்; சம்பவம் பாலிசியில் குறித்துள்ள ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பின், அதாவது எந்த நாள் முதலான சம்பவங்களுக்குக் காப்பு உண்டோ அந்த நாளுக்குப் பின், நடந்திருக்கவும் வேண்டும். 2023இல் பார்த்த பிரசவத்துக்கு 2025இல் நோட்டீஸ் வரலாம். இடையில் ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டால் பழைய தேதி போய்விடும். புதுப் பாலிசி அன்றிலிருந்துதான் கணக்கிடும். இரண்டாவது தொழிலைப் பிற்பாடு சேர்த்தால், அதற்குரிய ரெட்ரோஆக்டிவ் தேதி எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று அதை ஷெட்யூலிலிருந்து உடனே நீக்கிவிடவும் கூடாது, ஏனெனில் பழைய பிரசவங்களுக்கான வழக்கு இனிமேலும் வரலாம்.

வெளிநாட்டு உரிமம் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வாங்கும் பாலிசியின் எல்லை பொதுவாக இந்தியாவோடு முடிகிறது. பிரிட்டனில் பதிவுபெற்ற செவிலியருக்கு 2014 முதல் இன்டெம்னிட்டி ஏற்பாடு கட்டாயம் என்பதால், அங்கே போகிறவர் அதை அங்கேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் விலை கேட்கலாம். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஏஜென்ட் வாய்மொழியாக "எல்லாம் கவராகும்" என்று சொல்வதை ஏற்காமல், இரண்டு பதிவுகளின் வேலையும் உள்ளடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசி கைக்கு வந்த அன்றே ஷெட்யூலைத் திறந்து, இரண்டு தொழில்களும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் திருத்தம் கேளுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால், தவறை ஒப்புக்கொண்டோ மறுத்தோ தானாக எதுவும் எழுதாமல், அன்றைக்கே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பதில் தாக்கல் செய்ய 30 நாள். ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியிருக்கிறது.