இலவச டைனமிக் டிஎன்எஸ்: பெயர் எடுக்கும் முன் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்

வீட்டு இணைய இணைப்பின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், அடிக்கடி மாறும். பெயரை அந்த எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ்; எண் மாறினாலும் ஒரே பெயரைச் சொல்லி வீட்டை எட்ட வழி செய்வதுதான் டைனமிக் டிஎன்எஸ். வாசல் கேமராவைப் பார்க்க, நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருக்கும் படங்களை வெளியூரிலிருந்து எடுக்க என்று பலரும் இதைத் தேடி வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பழைய குழிகளிலேயே விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தது, புதிய எண்ணைச் சேவைக்குச் சொல்லும் அப்டேட் கிளையன்ட் நிரலை ஓடவிட மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே தெரிந்துவிடும்.

## பொது ஐபி இருக்கிறதா என்று பார்க்காமல் சேவை தேடுவது

"டக் டிஎன்எஸ் நல்லதா, நோ-ஐபி நல்லதா?" என்று இலவசச் சேவைகளை ஒப்பிட்டுக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ரவுட்டரின் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன? அது வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது ஐபியா? பெரும்பாலும் பதில் வராது.

நண்பர் ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஊரில் பெற்றோர் வீட்டுக் கேமராவைப் பார்க்க ஓர் இலவசச் சேவையில் பெயர் எடுத்தார், வேலை செய்யவில்லை. இன்னொரு சேவைக்கு மாறினார், அதுவும் இல்லை. 'இலவசம் என்றால் இப்படித்தான்' என்று கட்டணச் சேவைக்கு ஓராண்டுச் சந்தா கட்டினார். அப்புறம் கடைக்காரர் 'ரவுட்டர் பழசு சார்' என்று புதிதாக ஒன்றைத் தலையில் கட்டினார். கடைசியில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். வான் ஐபி 100.82 என்று தொடங்கியது. கதை அங்கேயே முடிந்துவிட்டது.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் தட்டுப்பாடாகிவிட்டதால், ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் சிஜிநாட். வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. எந்த டைனமிக் டிஎன்எஸ் சேவையாலும், காசு கொடுத்தாலும், இதைச் சரிசெய்ய முடியாது.

ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. நண்பர் தான் எடுத்த பெயரை பிங் செய்து (எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதித்து) பார்த்திருக்கிறார், பதிலும் வந்திருக்கிறது. 'டிஎன்எஸ் சரி, போர்ட்தான் தப்பு' என்று ரவுட்டருக்கு வரும் அழைப்பை உள்ளிருக்கும் கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தையே நாள்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பிங்குக்குப் பதில் சொன்னது அவர் வீட்டு ரவுட்டர் அல்ல, நிறுவனத்தின் கருவி. பெயரில் பதிவாகியிருந்ததும் அந்தப் பங்கு முகவரிதான்.

சோதனை இரண்டு நிமிட வேலை. ரவுட்டரில் தெரியும் வான் ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடினால் வரும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் சரி, மேலே போகலாம். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் கலங்க வேண்டாம். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் உங்கள் ரவுட்டர் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 100.64 வகையோ 10-ல் தொடங்குவதோ வந்தால் நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள், சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். இல்லையென்றால் உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அது வீட்டுக்குள்ளிருந்து வெளியே இணைப்பதால் சிஜிநாட் தடையில்லை, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்.

இவ்வளவு எளிய சோதனையைச் சொல்லாமல், 'முதலில் கணக்கு தொடங்குங்கள்' என்றே ஆரம்பிக்கும் செய்முறை வீடியோக்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பார்க்கிறவரின் காசும் நேரமும்தானே வீணாகிறது!

## இலவசம் என்றைக்கும் இருக்கும் என்று நம்புவது

ஒரு காலத்தில் பல ரவுட்டர்களிலும் இருந்த டின்டிஎன்எஸ் என்ற டைனமிக் டிஎன்எஸ் சேவை, 2014 மே மாதத்தில் இலவசச் சேவையை நிறுத்தியது. அடுத்த மாதமே, தீநிரல்களைத் (மால்வேர்) தடுப்பதற்கென்று மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி நோ-ஐபியின் டொமைன்களைக் கையில் எடுத்தது. ஒரு தப்பும் செய்யாத லட்சக்கணக்கானவர்களின் பெயர்களும் சேர்ந்து முடங்கின.

நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டு, வெளியூரில் இருக்கும்போது பெயரை இழந்தவர்கள் உண்டு. டக் டிஎன்எஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஜெர்மனியில் லாப நோக்கமின்றி நடக்கும் டிசெக் (deSEC) சேவையும் நல்ல தேர்வு.

முடிந்தால் சொந்த டொமைன் ஒன்று வாங்கி, அதன் துணைப்பெயரை இலவசப் பெயருக்கு சிநேம் பதிவாக (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் வரி) காட்டுங்கள். நாளைக்குச் சேவை மூடினாலும் மாற்ற வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். கேமரா ஆப், அப்பா அம்மாவின் ஃபோன் எதையும் தொட வேண்டாம்.

## டிவிஆரை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் திணறின. அவற்றுக்கு டிஎன்எஸ் வழங்கிய டின் நிறுவனத்தை (மேலே சொன்ன டின்டிஎன்எஸ்ஸை நடத்தியதும் இதுதான்) தாக்கியது மிராய் என்ற தீநிரல். ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும், கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்துத்தான் அது படை சேர்த்தது. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச https சான்றிதழை எடுத்த உடனே பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். டிவிஆருக்கு போர்ட் திறக்காமல் வயர்கார்டு விபிஎன்னுக்கு (வீட்டுக்குள் போகும் மறைகுறியாக்கப்பட்ட வழி) மட்டும் திறந்து, அதன் வழியே உள்ளே போங்கள்.

## ஐபிவி6-ல் ரவுட்டரின் முகவரியைப் பதிவது

ஐபிவி4-க்கு அடுத்து வந்த ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி; ரவுட்டரின் முகவரியைப் பதிந்தால் கேமராவை எட்ட முடியாது. அப்டேட் கிளையன்ட்டை அந்தக் கருவியிலேயே ஓடவிடுங்கள்.

## வீட்டு வைஃபையிலிருந்தே சோதிப்பது

மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். பல ரவுட்டர்களில் உள்ளிருந்து பார்த்தால் பெயர் திறக்காது.

## டோக்கனோடு ஸ்கிரீன்ஷாட் போடுவது

டக் டிஎன்எஸ்ஸுக்குப் புதிய ஐபியைச் சொல்லும் அப்டேட் இணைய முகவரியிலேயே டோக்கன், அதாவது பாஸ்வேர்டு போன்ற ரகசிய எழுத்துத்தொடர், இருக்கிறது. அது கிடைத்தவர் உங்கள் பெயரைத் தன் சர்வருக்குத் திருப்பிவிடலாம். உதவி கேட்டுப் படம் அனுப்பும்போது அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே புதிய டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள்.