ரொம்ப நாள் ஓட்டாம கெடந்த பழைய ஸ்ப்ளெண்டர் ஸ்டார்ட் ஆகலையா?

எடுத்ததும் கிக்கர போட்டு உதைக்காதீங்க. மொதல்ல டேங்க் மூடிய தொறந்து மோந்து பாருங்க, வார்னிஷ் வாடை அடிச்சா பழைய பெட்ரோல் மொத்தத்தையும் எறக்கிட்டு புதுசு ஊத்துங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கறதால அது ஈரத்த வேற இழுத்து வச்சிருக்கும். ஸ்பார்க் பிளக்க கழட்டி அந்த ஓட்டைல நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு கிக்கர மெதுவா அமுக்குங்க, பிஸ்டன் ஃப்ரீயா போகுதான்னு தெரிஞ்சுடும்.

பெரும்பாலும் வில்லன், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர்தான். சோக் போட்டா ஓடுது, சோக்க எடுத்தா நின்னுடுதுன்னா அதுக்குள்ள பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை போட்ட பைலட் ஜெட் அடைச்சிருக்கு, கழட்டி கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிங்க, கம்பிய விட்டு குத்துனா ஓட்டை பெருசாயிடும். ஏர் ஃபில்டர் பாக்ஸையும் தொறந்து பாருங்க, எலி குடும்பமே நடத்தியிருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் பழைய ஸ்ப்ளெண்டர் கிக்கர்ல ஸ்டார்ட் ஆகும், அதுக்கு இப்பவே காசு செலவு பண்ணாதீங்க.