கோலாலம்பூர்க் காட்டில் புதியவர்களோடு மலைச் சைக்கிள்: விருந்தாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் புக்கிட் கியாராக் காட்டில் ஞாயிறு காலைகளில் மலைச் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவில் நிரந்தரமாக ஏழு பேர் இருக்கிறோம். எட்டாவது ஆள் பெரும்பாலும் விருந்தாளி. கோயம்புத்தூரிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்தவர், சிங்கப்பூரிலிருந்து நீண்ட வார இறுதியைக் கழிக்க வந்தவர், சென்னையிலிருந்து அலுவலக வேலையாக வந்து இரண்டு நாள் விடுப்புப் போட்டவர் என்று யாராவது ஒருவர், நண்பரின் நண்பர் என்ற முறையில் வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லிவிட்டு வந்து சேர்வார். இப்படி வந்தவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்ததில், அவர்கள் அடிபட்டதற்கும் அலுத்துப்போய்த் திரும்பியதற்கும் காடு காரணமாக இருந்தது குறைவு, கூச்சம் காரணமாக இருந்ததே அதிகம் என்று சொல்வேன். அழைத்தவர் மனம் கோணக் கூடாது என்று விருந்தாளி வாய் திறப்பதில்லை. விருந்தாளியைக் குறைத்து மதிப்பிட்டதாக ஆகிவிடக் கூடாது என்று அழைத்தவரும் கேட்பதில்லை.

இந்தக் கூச்சம் முதலில் வேலையைக் காட்டுவது, தன் பழக்கத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில். எவ்வளவு நாளாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால், அடக்கமானவர் ‘சும்மா, கொஞ்சம்’ என்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவர் ‘நூறு கிலோமீட்டர் ஓட்டுவேன்’ என்பார். வழிநடத்துகிறவருக்கு இரண்டு பதிலாலும் பயனில்லை. தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் மிதிக்கிற கால்கள் இருந்தாலும், வேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையில் பத்துக் கிலோமீட்டர் போவதற்கு வேண்டிய இடுப்பு வளைவும் தோள் பலமும் பிரேக் பிடிக்கும் பக்குவமும் தாமாக வந்துவிடுவதில்லை. ‘காட்டுப் பாதையில் ஓட்டி ஆறு மாதம் ஆகிறது, முழங்கால் உயரத்துக்குப் பள்ளம் இறங்கினால் நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவேன், அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல் ஏற என்னால் முடியாது’ என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவருக்கு ஏற்ற பாதையை நாங்கள் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுவோம். அப்படிச் சொன்னவர்கள் இதுவரை இரண்டு பேர்தான். இருவரும் மறுபடியும் வந்தார்கள்.

மறுபக்கம், அழைக்கிறவர் ‘ஈசி’ என்று சொன்னால், யாருக்கு ஈசி என்று கேட்க வேண்டும். முறையாக அமைக்கப்பட்ட மலைச் சைக்கிள் பூங்காக்களில் பச்சை வட்டம் எளிய பாதையையும், நீலச் சதுரம் நடுத்தரத்தையும், கறுப்பு வைரம் கடினத்தையும் குறிக்கும். ஆர்வலர்கள் மண்வெட்டியோடு போய்த் தாங்களாகவே வெட்டிய பாதைகளில் அத்தகைய பலகையை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. அங்கே ‘ஈசி’ என்பது, அதே திருப்பத்தில் இருநூறு முறை திரும்பியவரின் சொல். ஆகவே நீளமான ஏற்றம் எவ்வளவு நேரம் பிடிக்கும், செங்குத்தான இடத்தைச் சுற்றிப் போக வேறு வழி உண்டா, நடுவில் களைத்துவிட்டால் சாலைக்கு வெளியேறும் குறுக்குப் பாதை எங்கே என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத குழுவோடு நான் போக மாட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே சொற்களாலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் குழுவில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பதால், பாதையில் காதில் விழுவது கலப்பு மொழி. ‘லிச்சின்’ என்று முன்னால் போகிறவர் கத்தினால் வழுக்குகிறது என்று பொருள். ‘அக்கார்’ என்றால் வேர். ‘அவாஸ்’ என்றால் எச்சரிக்கை. ‘பெர்லாஹான்’ என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்த நான்கையும் கிளம்புவதற்கு முன்னால் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்வது, புது கையுறை வாங்குவதைவிடப் பயனுள்ளது. ‘போலே’ என்ற சொல்லிடமோ கவனமாக இருக்க வேண்டும். முடியும் என்று பொருள் என்றாலும், உறுதியான சம்மதம் முதல் ‘பார்க்கலாம்’ என்பது வரை எல்லாவற்றுக்கும் மலேசியர்கள் அதையே சொல்வோம். ஏற்றத்தின் நடுவில் மூச்சிரைக்க ‘அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்கிற விருந்தாளிக்குக் கிடைக்கும் ‘சிக்கிட் லாகி, தம்பி’ என்ற பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று அதற்குப் பொருள். அதை நானே நாற்பது நிமிட ஏற்றத்தின் பத்தாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறேன்.

வந்து இறங்கிய அன்றைக்கே காட்டுக்குப் போவது இன்னொரு வழக்கமான தவறு. சென்னையிலிருந்து இங்கே வர ஏறத்தாழ நான்கு மணி நேரம். நள்ளிரவையொட்டி ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம் என்பதால், ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டு விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்கள் உண்டு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை ஏழரை மணிக்குச் சைக்கிளில் ஏறுகிற உடம்புக்கு அது காலை ஐந்து மணி, அதுவும் தூங்காத இரவின் ஐந்து மணி. கண் திறந்திருந்தாலும், வேரைப் பார்த்ததற்கும் கை பிரேக்கைத் தொடுவதற்கும் இடையில் ஒரு கணம் தாமதமாகும், காட்டுப் பாதையில் விழுவதற்கு அந்த ஒரு கணம் போதும்.

இரவல் சைக்கிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நேரில் பார்த்த மோசமான விபத்து அதனால் வந்தது, அதில் தவறும் என்னுடையது. இந்தியாவில் பெரும்பாலான சைக்கிள்களில் வலக்கைப் பிடி முன்சக்கரத்தையும் இடக்கைப் பிடி பின்சக்கரத்தையும் நிறுத்தும். அமெரிக்க முறையில் அது தலைகீழ். கோலாலம்பூரில் இரண்டு விதமும் ஓடுகின்றன. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு என்னுடைய இரண்டாவது சைக்கிளைக் கொடுத்தேன். சீட்டின் உயரத்தைச் சரிசெய்தேன், டயரில் காற்றை அழுத்திப் பார்த்தேன், அதில் இடக்கைப் பிடிதான் முன்பிரேக் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். முதல் மேட்டில் ஏறும் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த இறக்கத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்னப் பள்ளத்தில், அவர் பின்சக்கரத்தை மெல்லப் பிடிப்பதாக நினைத்து இடக்கையை இறுக்கினார். முன்சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் மட்டும் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய், காய்ந்த சருகுகளின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி விழுந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்தது, மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கியிருந்தது. எழுந்ததும் அவர் சொன்னது, ‘மன்னிச்சுக்குங்க அண்ணே, சைக்கிளுக்கு ஏதாவது ஆச்சா?’

இரவல் சைக்கிளில் ஏறியதும், சமதளத்தில் ஐந்து நிமிடம் வட்டமடித்து, ஒவ்வொரு பிடியையும் தனித்தனியாக அழுத்தி எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். இறக்கத்தில் முன்பிரேக்குக்கே வலு அதிகம் என்பதால் அதை விட்டுவிட முடியாது. ஒரு விரலால், படிப்படியாக, உடலைப் பின்னால் தள்ளியபடி பிடிக்க வேண்டும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் பழகாதவர்கள் தட்டைப் பெடலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டயரில் சாலைச் சைக்கிளைப் போலக் காற்றை இறுக நிரப்பினால் ஈர வேரின் மேல் அது பந்துபோலத் துள்ளும். ஹெல்மெட்டை மட்டும் இரவல் வாங்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்தவர் தலை அளவு நமக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை, அது முன்பு எத்தனை முறை தரையில் மோதியது என்பதும் வெளியே தெரியாது.

பணப் பேச்சையும் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. மண்ணில் விழுந்தால் முதலில் வளைவது பெரும்பாலும் பின்கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு. அது உடைந்தால் யார் செலவு என்று கிளம்பும்போதே சிரித்துக்கொண்டு பேசிவிட்டால், பிறகு முகம் சுளிக்க வேண்டியதில்லை. கடையில் வாடகைக்கு எடுத்தால் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து வையுங்கள், முன்பணமாகக் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் மலைச் சைக்கிளை விலக்கி வைத்திருக்கிறார்களா என்பதையும் ஊரிலேயே படித்துப் பார்த்துவிட வேண்டும். விலக்கியிருந்தால், கூடுதல் கட்டணத்தில் சேர்க்க முடிகிறதா என்று விமானம் ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம்.

இனிப் பாதைக்கு வருவோம். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பின்னர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற குடியிருப்புப் பகுதியின் பக்கத்தில், வரிசையாகக் கட்டிய தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டதையும், நிலையான வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருந்ததையும் கோலாலம்பூர்த் தமிழர்கள் அறிவார்கள். இன்றைக்கும் காட்டுக்குள் பழைய பால்மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வேர்கள் பாதையின் குறுக்கே புடைத்துக் கிடக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்த வேர்கள் சோப்புத் தேய்த்ததுபோல ஆகிவிடும். வேரைச் சாய்வாகக் கடப்பதும், வேரின் மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக் பிடிப்பதும் புதியவர்களைக் கீழே தள்ளும். வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதை நேருக்கு நேராக, பிரேக்கை விட்டபடி கடந்தால் சக்கரம் உருண்டு போய்விடும்.

அதற்கு வேரை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிற விருந்தாளிக்கு அது தெரியாது. அவர் எங்கே பிரேக் விட்டாரோ அங்கே இவரும் விடுவார், அவர் ஏன் விட்டார் என்பது தெரியாமலேயே. நான்கைந்து சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள். இடைவெளி விட்டால் வழி தவறிவிடும் என்று பயந்துதான் பலர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். கிளைப் பாதைகள் பின்னிக்கிடக்கும் கியாராவில் அந்தப் பயம் நியாயமானதே. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருகிறவர் கண்ணில் படும் வரை முன்னால் போனவர் நிற்க வேண்டும், ஊர் தெரிந்த ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும் என்ற இரண்டு ஏற்பாடும் இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவது விருந்தாளியின் உரிமை.

நடப்பவர்களும் அதே பாதையில் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள். நுழைய அனுமதி உண்டா என்பதையும் அழைத்தவர் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. கியாராவிலேயே வேலி போடப்பட்டு, பாதைகள் சிதைந்து, பயன்படுத்துவோருக்கும் அரசுத் துறைக்கும் உரசல் ஏற்பட்ட காலம் உண்டு. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நுழைவுச் சீட்டு வாங்கி, சைக்கிளுக்கு என்று குறிக்கப்பட்ட பாதையில் மட்டுமே போக வேண்டும். பெருமழை பெய்த மறுகணமே களிமண் பாதையில் இறங்குவதும் நல்ல பழக்கமன்று, ஏனென்றால் ஈர மண்ணில் சக்கரம் போடும் பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். இங்கே இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலையிலேயே முடித்துக்கொண்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவது எல்லா வகையிலும் உத்தமம்.

சென்னை வெயிலையே பார்த்தவன் என்று சொல்லி ஒற்றைப் பாட்டில் தண்ணீரோடு வருகிறவர்களும் உண்டு. காட்டுக்குள் காற்று அசையாது, ஈரப்பதத்தால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், உப்புச் சத்துக்காக 100 பிளஸ் என்ற பானம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தலை கிறுகிறுத்தாலோ, குளிர்வதுபோல உடம்பு சிலிர்த்தாலோ அங்கேயே நின்று சொல்லிவிட வேண்டும். குழுவை நிறுத்துகிறோமே என்ற தயக்கம் அந்த நேரத்தில் ஆபத்தானது.

புதிதாக அறிமுகமானவரை முதன்முதலில் காட்டில் சந்திக்காதீர்கள். முந்தின நாள் ஏதாவது ஓர் உணவகத்தில் தே தாரிக் குடித்தபடி ஒரு மணி நேரம் பேசினால், அவர் எப்படிப்பட்டவர் என்பது ஓரளவு பிடிபடும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் யார் வருகிறார்கள் என்பதைத் தங்கியிருக்கும் வீட்டில் எழுதி வைத்துவிட்டு, கைப்பேசியில் இருப்பிடத்தையும் பகிருங்கள். தனியாக வரும் பெண்கள், ஒரே ஒரு புதியவரோடு ஒதுக்குப்புறமான பாதைக்குப் போவதைவிட, பெண்களும் உள்ள குழுவாகப் பார்த்துச் சேர்வது நல்லது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999. காட்டில் மீட்புக்கு வருகிற போம்பா எனப்படும் தீயணைப்புப் படையும் அதே எண்ணில் கிடைக்கும்.

அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் வழித்துவிட்டுக் கழுவினால் போதும். தேங்கிய சேற்று நீரைத்தான் அற்பமாக நினைக்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீர் சிராய்ப்புக் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அது பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள், சில நேரம் ஒரு மாதம் வரை கழித்தும் வெளிப்படும், அதாவது விருந்தாளி ஊருக்குத் திரும்பிய பிறகு. ஊர் மருத்துவரிடம் காய்ச்சல், உடம்பு வலி என்று மட்டும் சொன்னால் அவர் டெங்குவை மனத்தில் வைத்துச் சோதிக்கக்கூடும். இன்ன தேதியில் மலேசியக் காட்டில் சேற்றில் சைக்கிள் ஓட்டினேன், முழங்காலில் காயம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.