மின்னஞ்சலில் வந்த தகவலை மருத்துவக் கட்டுரையில் சுட்டும் முறை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை பயிலும் ஒருவர், சம்பா அறுவடைக் காலத்துப் பாம்புக்கடி பற்றி எழுதுகிறார் என்று கொள்வோம். கண்ணாடி விரியன் கடிபட்டு வருவோரில் பலர் இன்னமும் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டே வருகின்றனர் என்று, நீடாமங்கலம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்.

இதைச் சேர்க்குமுன், இச்செய்தி ஏற்கெனவே அச்சேறியிருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அதையே சுட்டுவது முறை. வேறெங்கும் கிடைக்காத, கட்டுரைக்கு இன்றியமையாத தகவலாக இருந்தாலொழியத் தனிப்பட்ட தொடர்புகளை (மின்னஞ்சல், நேர்ப்பேச்சு போன்றவற்றில் கிடைத்த, அச்சேறாத தகவல்களை) சுட்டுவதைத் தவிர்க்குமாறு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு கூறுகிறது. பிறருடைய அஞ்சல்பெட்டியைத் திறந்து சரிபார்க்க வாசகரால் இயலாது என்பதால் இக்கண்டிப்பு நியாயமானதே.

தவிர்க்க இயலாதபோது, தகவல் வரும் வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் குறிப்பிட வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேட்டைப் பின்பற்றினால் அது இவ்வாறு அமையும்: (இன்னார், எம்.டி., மின்னஞ்சல், 2024 பிப்ரவரி 6). அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நடையில் பட்டம் இடம்பெறாது. பெயரோடும் தேதியோடும் 'தனிப்பட்ட தொடர்பு' என்று எழுதினால் போதும். இரண்டிலுமே இது நூற்பட்டியலில் இடம்பெறுவதில்லை. மேற்கோள் மென்பொருளில் மின்னஞ்சலை உள்ளிட்டால் அதற்கும் ஒரு வரிசை எண் விழுந்துவிடக்கூடும்; ஆகவே இதைக் கையால் தட்டச்சு செய்வதே நல்லது.

பலர் கோட்டைவிடுவது ஒப்புதலில்தான். தகவலைத் தந்தவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவதோடு, அது சரியானது என்ற உறுதியையும் பெற வேண்டும், "உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா, ஐயா?" என்று தொலைபேசியில் கேட்பது இதற்கு ஈடாகாது. அச்சில் வரவிருக்கும் வாக்கியத்தை அப்படியே அனுப்பி, "இவ்வாறே வெளியிடலாமா?" என்று கேட்க வேண்டும். 'பலர்' என்று அவர் எழுதியதை நாம் 'பெரும்பாலோர்' ஆக்கியிருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். நேர்ப்பேச்சில் கிடைத்த தகவலையும் எழுதியனுப்பி இவ்வாறே உறுதிசெய்துகொள்ளலாம்.

அஞ்சலில் நோயாளியின் பெயரோ ஊரோ இருந்தால், மருத்துவரின் அனுமதி மட்டும் போதாது. நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட வேண்டும், அல்லது அவரிடமே ஒப்புதல் பெற வேண்டும். மூல அஞ்சலையும் அனுமதிக் கடிதத்தையும் தேதியுடன் பிடிஎஃப்பாகச் சேமித்துவைத்தால், இதழ் அலுவலகம் கேட்கும்போது உடனே அனுப்பிவிடலாம்.