நெல்லிக்கனியும் நம் வீட்டு அன்பும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சாவைத் தள்ளிப்போடும் கனி அது. அதன் பலனைத் தன் மனதுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அவர் கொடுத்தார் என்று ஔவையே பாடுகிறார். கொடுத்தவர் வாய் திறக்கவில்லை.

நாம் முதலில் தவறுகிற இடம் இதுதான். கொடுப்பதில் நமக்குக் குறையே இல்லை. பிள்ளையைப் படிக்க வைக்க அம்மா தாலிக்கொடியை அடகு வைப்பார், தம்பிக்காக அக்கா பெங்களூருக்கு வேலைக்குப் போவாள். ஆனால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடிவதில்லை. "சாப்பிட்டியா கண்ணு?" என்று போனில் மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவதாக, "உன்னைப் படிக்க வெக்க நான் என்ன பாடு பட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றால், மகன் மனதில் கடைசிக் கேள்வி மட்டும்தான் தங்கும். அவன் அடுத்த தடவை போன் செய்ய நாலு நாள் யோசிப்பான். அம்மா அதையும் நன்றிகெட்டதனம் என்று நினைப்பார். பாவம், இரண்டு பேருக்கும் பாசம் இருக்கிறது.

சொல்ல வேண்டாததைச் சொல்கிற நாம், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பார்த்தவற்றில் பெரிய தவறு இது. பெண் பார்த்துவிட்டுப் போனபின், "பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றால், "அவ ஒண்ணும் சொல்லலையே" என்று பதில் வரும். பதினாறு வயதுப் பெண் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் என்ன சொல்வாள்? அவள் பயத்தில் வாய் மூடி நிற்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

பெற்றோர் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டட வேலைக்கு வெளியூர் போகிறவர்கள், வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியிடம் விட்டுப்போக வேண்டியிருக்கிறது. ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்குத் தேடுகிற வழிதான் தவறு. கிருஷ்ணகிரி மாம்பழக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் வைத்தால் தோல் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும், கொட்டைப் பக்கம் கடித்தால் புளிக்கும். பழத்துக்கே அந்தக் கல்லைத் தடை செய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மீறி நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், அந்தப் பெண்ணே அழைக்கலாம். 18 வயது நிறைந்த பெண்ணிடம் கேட்பதாக இருந்தாலும் கூடத்தில் வைத்துக் கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்த அத்தையோ அக்காவோ தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். அவள் "வேண்டாம்" என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்து கேளுங்கள்.

அடுத்தது சந்தேகம். ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகும் இளம் ஜோடிகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்பது அக்கறை. "யாரோடு சாப்பிட்டாய், வீடியோ கால் போடு" என்பது விசாரணை. இதைக் காதல் என்று நினைத்துப் பெருமைப்படும் பெண்களிடம் நான் சொல்வது, கல்யாணத்துக்குப் பிறகு இது குறையாது, கூடத்தான் செய்யும்.

அப்புறம் அந்த நாலு பேர். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று பயந்து எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் விருப்பத்தை நசுக்குகிறார்கள். அந்த நாலு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இரண்டுக்கு மேல் பேனா நகராது. ஆனால் அவர்களுக்குப் பயந்து வளர்த்த கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். இரண்டு பேர் விரும்பியதற்கு, அந்தக் கல்யாணத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் பீரோவையும் புத்தகங்களையும் சாம்பலில் தேடின. வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் மகள் ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பையன் என்ன சாதி என்று கேட்கும் முன் அவன் எப்படிப்பட்டவன் என்று கேளுங்கள்.

கடைசியாக, சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையைச் சொல்லாமல் விடுவது. பாலக்கோடு பக்கம் எங்கள் அத்தை ஒருவர் நாற்பது வருடமாகக் கேழ்வரகுக் களி கிண்டுகிறார். கொதிக்கிற பானையில் கட்டி தட்டாமல் துடுப்புப் போட்டுக் கிண்டுவதற்குத் தோள் வலு வேண்டும். மாமா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன தை மாதம் கீரைக் கடைசலைத் தொட்டுக்கொண்டே, "இன்னைக்குக் களி நல்லா இருக்கு" என்றார். அத்தை எழுந்து போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று. இப்போது தினமும் களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, மாமா ஏதாவது சொல்கிறாரா என்று அடுப்படியிலிருந்து ஓரக்கண்ணால் பார்க்கிறார்.