பிள்ளைகளோடு வெளிநாடு செல்லும் நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு: குழந்தைகளின் சர்க்கரை நோய் பற்றி

முன்பெல்லாம் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டுமே சபுராளிகளாக, அதாவது வெளிநாடு போய்ப் பிழைப்பவர்களாகக் கிளம்புவார்கள். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். இப்போது குடும்பத்தோடு குடியேறுபவர்கள் பெருகிவிட்டார்கள். பெரியபட்டினத்தில் பிறந்து, இங்கிலாந்தில் குழந்தைகள் வார்டில் பதினொரு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் இந்த மூன்று வாரத்தில், குவைத்துக்கும் லண்டனுக்கும் கிளம்பவிருக்கும் நான்கு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தார்கள். தடுப்பூசி பற்றிக் கேட்டார்கள், குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பது ஒருவர் நினைவிலும் இல்லை.

நம் வீடுகளில் சர்க்கரை என்றால் வாப்பாவுக்கும் மாமிக்கும் ஐம்பது வயதில் வருவது, மாத்திரையில் அடங்குவது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு நோய். அதை முதல் வகை நீரிழிவு என்பார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. மாத்திரை இதற்கு உதவாது. கண்டறிந்த நாளிலிருந்து இன்சுலின் செலுத்தியே ஆக வேண்டும். தொதல் போன்ற இனிப்பு அதிகம் தின்றதால் வந்தது, கர்ப்பத்தில் தாய் எதையோ தின்றதால் வந்தது என்று பெற்றவளைக் குற்றம் சொல்வதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

இந்த நோய் உலகெங்கும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு பகுதியில் வசிக்கும் 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுள், ஓராண்டில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்படுகிறது என்பதே கணக்கு. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். அந்த மொத்த எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு பெரியது. உலகிலேயே மிக அதிகமாகப் பின்லாந்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 50-க்கும் மேல் கண்டறியப்படுகிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 25 முதல் 30. குளிர்நாட்டு நோய் என்று சிலர் நினைப்பதும் சரியன்று. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் குவைத்தில் 1990-களில் 20-ஐ ஒட்டியிருந்த வீதம், 2011 முதல் 2013 வரை எடுத்த கணக்கில் 40-ஐத் தாண்டியது. ஜப்பானில் 2 அளவுதான். நம் பக்கத்தில், 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் எடுத்த கணக்கில் 10.5 என்று வந்தது.

குடியேறுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரிலிருந்து வருகிறது. தெற்காசியக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறிய அந்த ஊரில், 1978 முதல் 1981 வரை ஆசியப் பிள்ளைகளிடையே லட்சத்துக்கு 3.1 ஆக இருந்த வீதம், 1988 முதல் 1990 வரையிலான காலத்தில் 11.7 ஆக உயர்ந்து, உள்ளூர்ப் பிள்ளைகளின் வீதத்தை நெருங்கிவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடாது. வாழும் இடத்தில் உள்ள ஏதோ ஒன்று இதில் பங்கு வகிக்கிறது. அது என்னவென்று மருத்துவ உலகம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே "எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்ற சமாதானத்தை விமானநிலையத்திலேயே விட்டுவிடுங்கள். நோய் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்ததில்லை.

அதே வேளையில் பயந்துபோகவும் வேண்டாம். லட்சத்துக்கு 25 என்றால் நாலாயிரம் பிள்ளைகளில் ஒருவர். இருபதாயிரம் பிள்ளைகள் உள்ள ஒரு நகரில் ஆண்டுக்கு ஐந்து பேர் என்று சராசரி வரும். ஓராண்டில் இரண்டும் மறு ஆண்டில் எட்டும் வருவது தற்செயலாகவே நிகழக்கூடியது. நம்மவர்கள் இருக்கும் தெருவில் அடுத்தடுத்து இரு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையும் பள்ளிச் சாப்பாட்டையும் சந்தேகித்துச் செய்தி பரப்புவது யாருக்கும் உதவாது.

ஊரில் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதும்போது மனம் கனக்கிறது. சுவீடனில் 1977 முதல் ஒவ்வொரு புதிய பிள்ளையும் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. நம் கரையோரக் குப்பங்களில், வாந்தியும் மூச்சிரைப்புமாய் இரண்டே நாளில் இறந்துபோன பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ காற்றுக்கருப்பு என்றோ காரணம் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கப்படாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

பார்க்கத் தவறுவது ஊரில் மட்டும் நடப்பதன்று என்பதை என் சொந்த ராத்தாவின் (அக்காவின்) வீட்டில் கண்டேன். இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவர்களுடைய ஆறு வயது மகன் இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கேட்டான். வீட்டில் ஹீட்டர் ஓடுவதால் தொண்டை வறள்கிறது என்று நினைத்தார்கள். நிறுத்தி இரண்டாண்டு ஆன படுக்கை நனைப்பு திரும்ப வந்தது. புதுப் பள்ளியின் பயம் என்று நினைத்தார்கள். உடம்பு மெலிந்தது, கம்பளி உடுப்புக்குள் அது தெரியவில்லை. வாந்தி தொடங்கியபின் மருத்துவரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசியபோது, வயிற்றுப்போக்கு பரவும் காலம் என்று கூறி இரண்டு நாள் கழித்து நேரம் கொடுத்தார்கள். அன்றிரவே அவன் ஆழமாக, பெருமூச்சாக இழுக்கத் தொடங்கினான். வாயில் அழுகிய பழத்தின் வாடை. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தான். நான் வேறு நகரில் இரவுப் பணியில் இருந்தேன். தாகம் என்ற ஒரு சொல் எனக்கு முன்பே வந்திருந்தால் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ராத்தாவின் மாமி தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்ச்சுச்சா?" என்பதுதான். ஊரில் கொல்லைப்புறத்து மணலில் அந்த அடையாளம் கண்ணில் பட்டுவிடும். பீங்கான் கழிப்பறையில் நீரோடு போய்விடும். அதனால் வெளிநாட்டில் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத சோர்வு, உடல் மெலிவு. கைக்குழந்தை என்றால் டயப்பர் வழக்கத்தைவிடக் கனக்கும். குளிர்மாதங்களில் புதிய நோயாளிகள் சற்று அதிகம் வருவதால், சளிக்காய்ச்சலோடு இது எளிதில் குழம்பிவிடும்.

இந்த நான்கில் ஒன்று தொடர்ந்து தெரிந்தாலும் மருத்துவரிடம் போய், "இன்றைக்கே, இப்போதே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வெறும் வயிற்றில் நாளைக் காலை வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு இரவு என்பது நீண்ட காலம். தொடர்ந்த வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மயக்கச் சோர்வு இருந்தால் கிளினிக்கைக் கூப்பிட வேண்டாம், நேரே அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பிரிட்டனில் 999, ஐரோப்பாவில் எங்கும் 112. மரியாதைக்கு ஒரு புன்னகையோடு, கொடுத்த நேரத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிட வேண்டும்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அளப்பதால் 200, 300 என்று கேட்டுப் பழகியிருப்போம். பிரிட்டனிலும் வடக்கு ஐரோப்பாவிலும் லிட்டருக்கு மில்லிமோல் என்று சொல்வார்கள். அங்கே "18" என்று சொல்வதைக் கேட்டு, வெறும் பதினெட்டுதானே என்று ஒரு வாப்பா நிம்மதியாக அமர்ந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அவர் பிள்ளைக்கு அது 324. அறிகுறிகளோடு, மில்லிமோல் கணக்கில் 11-க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

நோய் உறுதியானபின் பள்ளியில் மறைக்காதீர்கள், அதிலும் பெண்பிள்ளையின் கல்யாணத்தை நினைத்து. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகள் நோயுள்ள பிள்ளைக்கு உதவ வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை; ஆனால் தெரியாத ஆசிரியர் உதவ முடியாது. சர்க்கரை தாழ்ந்து நடுங்கும் பிள்ளையை அவர் குறும்பு செய்கிறது என்று நினைத்துவிடக்கூடும். நாட்டுமருந்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ஓரிரு நாளிலேயே பிள்ளை அபாய நிலைக்குப் போய்விடும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தியாவில் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. வெளிநாட்டில் 100 யூனிட். சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. போன ஆண்டு ராத்தாவின் மகனுக்கு இன்சுலின் போடும் பேனா ஊசி பழுதாகிவிட, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த புட்டியிலிருந்து, ராமநாதபுரத்தில் வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சில் மச்சான் 10 என்ற கோடு வரை இழுத்துவிட்டார். போட வேண்டியது 10 யூனிட், அதில் இருந்தது 25 யூனிட். மூடி தரையில் கிடந்ததைப் பார்த்துத்தான் தடுத்தேன். புட்டி எந்த நாட்டுடையதோ, சிரிஞ்சும் அதற்கேற்றதாகவே இருக்கட்டும். போதிய அளவு இரண்டையும் கையோடு கொண்டுவாருங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக்குள் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடலாம். ஊரில் மின்சாரம் நின்றால், புட்டியைத் தண்ணீர் புகாத டப்பாவில் அடைத்து, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள்.